'லேசான பனி' என்று அறிக்கை சொன்னால்

நாளை இரவு லேசான பனிப்பொழிவு, 1 முதல் 3 சென்டிமீட்டர், குறைந்தபட்ச வெப்பநிலை மைனஸ் 8. இப்படி ஒரு முன்னறிவிப்பு வந்தால் கண் போய் நிற்பது அந்த 3 சென்டிமீட்டரில்தான். கணுக்கால்கூட மூழ்காது, இதற்கு என்ன ஏற்பாடு வேண்டிக் கிடக்கிறது என்று விட்டுவிடுவார்கள். 30 சென்டிமீட்டர் என்றால் ஊரே வீட்டுக்குள் அடங்கிவிடும். 3 சென்டிமீட்டருக்கு எல்லோரும் வழக்கமான நேரத்தில், வழக்கமான செருப்போடு, வழக்கமான வேகத்தில் கிளம்புவார்கள். வழுக்கி விழுவதற்கு இதைவிடத் தோதான நாள் கிடையாது.

லேசான பனி நாளில் ஆழம்தான் கடைசியாகப் பார்க்க வேண்டிய எண். அதற்கு முன் பார்க்க வேண்டியவை: பனிக்கு முன்னால் மழை பெய்ததா, தரை எந்த வெப்பத்தில் இருக்கிறது, எத்தனை மணிக்கு விழப்போகிறது, காற்று எவ்வளவு.

ஒரு சொல் விஷயத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். தமிழில் புல்நுனியில் நிற்கும் துளியும் பனி, வானத்திலிருந்து மிதந்து வரும் வெண்துகளும் பனி, தரையில் இறுகிக் கிடக்கும் கட்டியும் பனி. வெயில் நாட்டு மொழிக்கு அது போதும். குளிர் நாட்டில் வாழ்பவருக்குப் போதாது, ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் கருவி வேறு. இங்கே பனி என்றால் வானத்திலிருந்து விழுவது, அதற்குத் துடைப்பம் அல்லது மண்வாரி. ஐஸ் என்றால் தண்ணீர் உறைந்த கட்டி, அதற்கு உப்பு அல்லது மணல். உறைபனி என்றால் ஈரக்காற்று குளிர்ந்த பரப்பில் படிந்து உறையும் மெல்லிய வெள்ளை, அதற்குச் சுரண்டி.

அறிக்கையைப் படிப்பது

குளிர்காலம் தொடங்கும் முன் வரும் பருவக் கண்ணோட்டத்தை வைத்து எந்த நாளையும் திட்டமிட முடியாது. பெரும்பாலும் அது வழக்கத்தைவிடக் குளிர், வழக்கம்போல், வழக்கத்தைவிடச் சூடு என்று மூன்று பெட்டிகளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு சாத்தியம் தருகிறது. எதுவும் தெரியாத நிலையிலேயே ஒவ்வொரு பெட்டிக்கும் 33 சதவீதம் உண்டு. ஆகவே 'வழக்கத்தைவிடச் சூடு, 45 சதவீதம்' என்பது பகடை கொஞ்சம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்ற செய்தி மட்டுமே. சூடான குளிர்காலத்திலும் ஒரு வாரம் மைனஸ் 20 வரலாம். எரிபொருள் வாங்கி வைக்கவும், டயர் மாற்றும் தேதி குறிக்கவும் அது உதவும், அவ்வளவுதான்.

ஏழு நாள் முன்னறிவிப்பில் குளிர் வருகிறதா போகிறதா என்ற போக்கை நம்பலாம், பனியின் அளவை நம்ப வேண்டாம். ஆறு நாள் தள்ளி '4 சென்டிமீட்டர்' என்று செயலி காட்டினால் அது வானிலையைக் கணக்கிடும் கணினியின் ஒரே ஒரு ஓட்டத்தின் எண்ணாக இருக்கலாம், அடுத்த ஓட்டத்தில் பூஜ்யமாகலாம். அளவை 48 மணி நேரத்துக்குள் பாருங்கள், மணியை 12 மணி நேரத்துக்குள் பாருங்கள். 40 சதவீதம் வாய்ப்பு என்றால் நாளின் 40 சதவீத நேரம் பெய்யும் என்று பொருளல்ல. இதே நிலைமை உள்ள பத்து நாட்களில் நான்கில் உங்கள் இடத்தில் ஏதாவது விழும் என்பதுதான்.

செயலியில் யாரும் தொடாத ஒரு எண் பனிநிலை, அதாவது டியூ பாயிண்ட்: காற்றிலுள்ள ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை. வெப்பநிலை 3 டிகிரி, மழை என்று அறிக்கை சொல்கிறது, ஆனால் பனிநிலை மைனஸ் 6 என்று காட்டுகிறது என்று வையுங்கள். காற்று அவ்வளவு வறண்டிருந்தால் விழத் தொடங்கும் துளிகளில் ஒரு பகுதி ஆவியாகி, ஆவியாவதற்கான வெப்பத்தைக் காற்றிலிருந்தே உறிஞ்சும். மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே கணக்கு. 3 டிகிரி காற்று பூஜ்யத்தை ஒட்டி வந்து நிற்கும், மழை பனியாக மாறும். 'மழைதானே' என்று கிளம்பியவர்கள் வெண்சாலையில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இப்படித்தான். பனிநிலை பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் அந்தக் கவலை குறைவு.

பெரிய ஏரிக்குக் காற்று போகும் திசையில் வீடு இருந்தால் பிராந்திய அறிக்கையின் சராசரி எண் உதவாது. ஏரி நீருக்கும் சுமார் 1,500 மீட்டர் உயரக் காற்றுக்கும் 13 டிகிரி வித்தியாசம் வந்துவிட்டால் பனிப்பட்டைகள் உருவாகத் தொடங்கும். அவை ஒடுக்கமானவை. ஒரு பேட்டையில் 15 சென்டிமீட்டர் கொட்டும், பத்து கிலோமீட்டர் தள்ளி வெயில் அடிக்கும். அங்கே அளவைவிடக் காற்றின் திசையைப் பார்ப்பதே பயன்.

தரை வேறு, காற்று வேறு

அறிக்கையில் வரும் வெப்பநிலை தரையிலிருந்து ஒன்றரை, இரண்டு மீட்டர் உயரத்தில், நிழற்பெட்டிக்குள் அளந்தது. காலும் டயரும் படுவது தரையில். தெளிந்த வானமும் அசையாத காற்றும் உள்ள இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும், காற்றைவிடப் பல டிகிரி கீழே போய்விடும். 2 டிகிரி என்று போட்டிருக்கும் காலையில் வண்டிக் கண்ணாடியில் உறைபனி இருப்பதும், படிக்கட்டு வழுக்குவதும் அதனால்தான். வண்டிக்குள் காட்டும் வெப்பநிலையும் காற்றின் வெப்பநிலைதான், சாலையினுடையது அல்ல. அது 3 காட்டும்போதே கவனத்தைத் தொடங்க வேண்டும். மண்ணின் வெப்பம் கீழிருந்து கிடைக்காததால் பாலங்கள் முதலில் உறையும். மர நிழல், வடக்குப் பார்த்த சரிவு, கட்டடங்களுக்கு இடையே வெயில் படாத சந்து ஆகியவை கடைசியாக உருகும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. பல நாள் மிதமான வெயிலுக்குப் பிறகு வரும் முதல் பனியில், சூட்டைச் சேர்த்து வைத்திருக்கும் தார்ச்சாலையில் விழுவது விழுந்தவுடன் உருகும். 'புல்லில் மட்டும் படியும்' என்று அறிக்கை சொல்வது இதைத்தான். அப்போது பலர் ஆறுதலடைந்துவிடுவார்கள். உருகிய அந்த ஈரம் நள்ளிரவுக்கு மேல் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

மோசமான வரிசை ஒன்று இருக்கிறது, அதை மனப்பாடமாக வைத்துக்கொள்ளலாம்: மாலை வரை மழை, பிறகு திடீர்க் குளிர்முகம் (குளிர்காற்றின் முன்விளிம்பு), மூன்று நான்கு மணி நேரத்தில் பிளஸ் 4 இலிருந்து மைனஸ் 6, அதன் பின் ஒரு சென்டிமீட்டர் பனி. நின்ற நீர் வடியவோ காயவோ நேரமில்லாமல் அப்படியே உறைகிறது. மேலே விழும் மெல்லிய பனி அந்த ஐஸை மூடி மறைக்கிறது. பார்வைக்கு ஒன்றுமில்லாத வெள்ளை, காலடியில் கண்ணாடி. இந்த ஒரு சென்டிமீட்டர், காய்ந்த தரையில் விழும் பத்து சென்டிமீட்டரைவிட ஆபத்தானது. முன்கூட்டியே தூவிய உப்பையும் மழை கழுவிவிட்டிருக்கும். மழை நின்று குளிர் இறங்கும் அந்த இடைவெளியில் தேங்கிய நீரைத் துடைப்பத்தாலோ ரப்பர் தள்ளியாலோ ஒதுக்கிவிட்டு, அதன் பிறகு உப்புப் போடுவதுதான் வழி.

இன்னொன்று பலருக்கு வியப்பாக இருக்கும். ஐஸ் மிக வழுக்குவது கடுங்குளிரில் அல்ல, பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே. மைனஸ் 20இல் இறுகிய பனிமேல் நடந்தால் காலடியில் கறுமுறு என்று சத்தம் வரும், பிடிமானமும் ஓரளவு இருக்கும். மைனஸ் 1இல் மேற்பரப்பு ஈரப்பசையோடு இருக்கும், பிடி அடியோடு போய்விடும். பல வண்டிகள் கடந்த நாற்சந்தியில் டயரின் உராய்வு மேலாக உருக்கி, அடுத்த நொடி அது உறைந்து மெருகேறியிருக்கும். நிறுத்தக் கோட்டுக்கு முந்தைய இருபது மீட்டர்தான் சாலையிலேயே மோசமான இடம்.

துடைப்பம், மண்வாரி, உப்பு

ஒரு மில்லிமீட்டர் நீர் சராசரியாக ஒரு சென்டிமீட்டர் பனியாகும் என்று கணக்குச் சொல்வார்கள். நடைமுறையில் பூஜ்யத்தை ஒட்டிய ஈரப்பனியில் அதே நீர் அரை சென்டிமீட்டர்தான் ஆகும், கடுங்குளிரின் வறண்ட பனியில் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர். எடையில் இது என்ன ஆகிறது என்று பாருங்கள். பத்து மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலப் பாதையில் 5 சென்டிமீட்டர் வறண்ட பனி சுமார் 100 கிலோ. அதே 5 சென்டிமீட்டர் ஈரப்பனி 300 கிலோ. இதயக்கோளாறு உள்ளவர்கள் காலைக் குளிரில் ஈரப்பனியை மண்வாரியால் தூக்கி எறியவே கூடாது. மற்றவர்களும் தூக்குவதைவிடத் தள்ளுவது நல்லது.

வறண்ட பனி 3 சென்டிமீட்டர் வரை என்றால் மண்வாரியே வேண்டாம், விறைப்பான நார்த் துடைப்பம் போதும். ஒரே நிபந்தனை: யாரும் மிதிக்கும் முன் பெருக்க வேண்டும். ஒருமுறை மிதித்த பனி இறுகித் தரையோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு அது பனியல்ல, காலடி வடிவ ஐஸ். காலை ஏழு மணிக்கு வீட்டிலுள்ளோர் கிளம்புவார்கள் என்றால் ஆறரைக்குப் பெருக்கிவிடுங்கள், பனி இன்னும் விழுந்துகொண்டிருந்தாலும் சரி. இரண்டாம் முறை பெருக்குவது ஐந்து நிமிட வேலை, ஐஸைக் கொத்துவது அரைமணி வேலை.

உப்பில் நடக்கும் தவறுகள் மூன்று. முதலாவது, பனியின் மேலேயே கொட்டுவது. உப்பின் வேலை பனியை உருக்கித் தீர்ப்பதல்ல, ஐஸுக்கும் தரைக்கும் இடையிலான பிடியை அறுப்பது. முதலில் பெருக்கு, பிறகு தூவு. இரண்டாவது, அளவு. சதுர மீட்டருக்குச் சுமார் 20 கிராம் போதும். மேலே சொன்ன 30 சதுர மீட்டர் பாதைக்கு 600 கிராம். கல் உப்பு ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஏழெட்டு சென்டிமீட்டர் இடைவெளி தெரிய வேண்டும். வெள்ளைக் கம்பளம் போல் தெரிந்தால் பாதியை வீணாக்கிவிட்டீர்கள். அது செடியின் வேருக்கும் நாயின் பாதத்துக்கும்தான் போய்ச் சேரும். மூன்றாவது, வெப்பநிலை. சாதாரணக் கல் உப்பு மைனஸ் 9க்குக் கீழே மிக மந்தமாகிவிடும். ஏட்டுக்கணக்கில் உப்புநீர் மைனஸ் 21 வரை உறையாது என்பது உண்மைதான். ஆனால் அந்தச் செறிவுக்கு எக்கச்சக்க உப்பும் காத்திருக்கும் பொறுமையும் வேண்டும். மைனஸ் 15 எல்லாம் என்றால் கால்சியம் குளோரைடு வாங்குங்கள். இல்லையென்றால் உருக்கும் எண்ணத்தையே விட்டுவிட்டு மணலைத் தூவுங்கள். மணல் எந்தக் குளிரிலும் பிடி கொடுக்கும். போட்டு ஒரு வருடம் ஆகாத கான்கிரீட்டிலும் உப்பு வேண்டாம், மணல்தான். உப்பு உருக்கிய நீர் துளைகளுக்குள் இறங்கி உறைந்து மேற்பரப்பைச் செதில் செதிலாகப் பெயர்த்துவிடும்.

மழை கலக்காத பனி என்பது உறுதியானால் உப்புக் கரைசல் மிகச் சிக்கனம். ஒரு லிட்டர் நீருக்கு 300 கிராம் உப்பு கரைத்தால் 23 சதவீதக் கரைசல். காய்ந்த தரையில் பூவாளியால் மெல்லிய கோடுகளாகத் தெளித்துக் காயவிட வேண்டும். விழும் பனி தரையோடு ஒட்டாது, காலையில் துடைப்பத்துக்கு வழிவிடும்.

வண்டி

குளிர் இறங்கிய முதல் காலையில் டயர் அழுத்த விளக்கு எரிந்தால் பதற வேண்டாம். 10 டிகிரி இறங்கினால் சுமார் 2 பிஎஸ்ஐ குறையும். வண்டி ஓடாமல் குளிர்ந்து நிற்கும்போது காற்றை நிரப்புங்கள், ஓட்டிச் சூடானபின் அளந்தால் எண் ஏமாற்றும். வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே போனதும் கோடை டயரின் ரப்பர் இறுகத் தொடங்குகிறது. குளிர்கால டயர் மாற்ற அந்த எண்ணே அளவுகோல், முதல் பனி அல்ல. மைனஸ் 18இல் பேட்டரியின் கிளப்பும் திறன் ஏறத்தாழப் பாதியாகிவிடும், அதே நேரம் கெட்டியான எண்ணெய்க்கு எதிராக எஞ்சினைச் சுழற்ற அதிக விசை தேவை. நான்கைந்து வயதான பேட்டரியை இலையுதிர் காலத்திலேயே சோதித்துவிடுவது அதனால்தான்.

வைப்பரை நிறுத்திவிட்டு எஞ்சினை அணைக்கும் பழக்கம் வேண்டும். ஓடும் நிலையிலேயே அணைத்தால், மறுநாள் கிளப்பியதும் கண்ணாடியோடு உறைந்த வைப்பர் நகரப் பார்க்கும், ஃபியூஸ் போகும் அல்லது மோட்டார் போகும். கண்ணாடியில் வெந்நீர் ஊற்றுவது பற்றி எச்சரிக்கவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் ஆண்டுதோறும் யாராவது ஊற்றுகிறார்கள். கண்ணாடி விரிசல் விடும், விடாவிட்டால் அந்த நீர் ஐந்து நிமிடத்தில் ஐஸாகும். கூரைமேல் உள்ள பனியையும் தள்ளிவிடுங்கள். முதல் பிரேக்கில் அது முழுவதும் முன்கண்ணாடியில் வந்து சரியும். புகைபோக்கி வாயில் பனி அடைத்திருந்தால் எஞ்சினைக் கிளப்பும் முன் அகற்றுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை.

ஓட்டும்போது முன்வண்டிக்கும் உங்களுக்கும் எட்டு முதல் பத்து விநாடி இடைவெளி. குரூஸ் கன்ட்ரோல் வேண்டாம். தெரு முனையிலேயே, பின்னால் யாரும் இல்லாதபோது, மெதுவாகப் போகும் நிலையில் ஒருமுறை பிரேக்கை அழுத்திப் பாருங்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் பாதத்தடியில் துடித்தால் அன்றைய சாலையைப் பற்றி எந்த அறிக்கையும் சொல்லாததை அது சொல்லிவிட்டது. பனிச்சூறை (சற்று நேரமே நீடிக்கும் கடும் பனியும் பலத்த காற்றும்) எச்சரிக்கை வந்தால் சென்டிமீட்டரைப் பார்க்கவே வேண்டாம். மொத்தமே ஒரு சென்டிமீட்டர்தான் விழும், ஆனால் முன்னால் போகும் வண்டி சில நிமிடங்களுக்குக் கண்ணுக்கே தெரியாது. நெடுஞ்சாலையில் வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதிக் குவிவது இதில்தான். அரைமணி நேரம் கழித்துக் கிளம்பினால் முடிந்துவிடும் சிக்கல்.

காற்று சேர்ந்தால்

மைனஸ் 10 டிகிரி, மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று என்றால் உணர்குளிர், அதாவது காற்றடிக்கும்போது உடல் உணரும் குளிர், மைனஸ் 20. இந்த எண் வெறும் தோலுக்கு மட்டும்தான் பொருந்தும். வண்டி ரேடியேட்டரோ தண்ணீர்க் குழாயோ காற்றினால் சீக்கிரம் குளிரும், ஆனால் மைனஸ் 10க்குக் கீழே போகாது. உணர்குளிர் மைனஸ் 28ஐத் தொட்டால் திறந்த தோல் பத்து முதல் முப்பது நிமிடத்தில் உறையத் தொடங்கலாம். காது நுனி, மூக்கு, விரல் நுனிகள் முதலில் வெளுத்து மரத்துப்போகும். தேய்க்கக் கூடாது. உள்ளே போய், மறுபடி உறையும் வாய்ப்பு இல்லை என்றால் 37 முதல் 39 டிகிரி நீரில் வைக்க வேண்டும். மரத்த விரலுக்குச் சூடு தெரியாது, நீரின் பதத்தை வேறொருவர் முழங்கையால் பார்க்கட்டும். உடைகளில் உள்ளடுக்கு பருத்தியாக இருக்க வேண்டாம் என்பது மட்டும் போதும். மண்வாரியோடு பத்து நிமிடம் உழைத்தால் வியர்க்கும், நனைந்த பருத்தி காயாது.

இரண்டாம் இரவு

பனி விழும் இரவில் மேகம் போர்வையாக இருப்பதால் குளிர் ஓரளவு தாங்கும். அடுத்த இரவுதான் சோதனை. மேகம் விலகி, காற்று அடங்கி, தரையில் புதுப்பனி மட்டும் கிடக்கிறது. புதுப்பனி பகலில் வெயிலில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும், இரவில் மண்ணின் சூடு மேலே வராமல் தடுக்கும், தானும் வெப்பத்தை வானத்துக்குத் தாராளமாக விடும். அறிக்கை மைனஸ் 8 என்றால் தாழ்வான பகுதியில் மைனஸ் 13 ஆவது சாதாரணம். 'பனி நின்றுவிட்டது' என்று எல்லோரும் நிம்மதியாகத் தூங்கும் இரவு அது.

அன்று மாலைக்குள் சில வேலைகள். தோட்டக் குழாயிலிருந்து ஹோஸைக் கழற்றிவிட்டீர்களா? மாட்டியே இருந்தால் உள்ளே நின்ற நீர் உறைந்து சுவருக்குள் இருக்கும் குழாயைப் பிளக்கும். சுவரோரம் வெளிவரும் ஹீட்டர் புகைக்குழாய், காற்றுக்குழாய் வாய்களைச் சுற்றி ஒதுக்கிய பனியைக் குவித்திருக்கிறீர்களா? இது நிறையப் பேர் செய்யும் பிழை. புகையிலுள்ள நீராவியைக் குளிர்வித்து நீராக வடிக்கும் வகை ஃபர்னஸ், பாய்லரில் வெளியே போகும் மெல்லிய வடிகுழாய் உறைந்தால் இயந்திரம் தானாக நின்றுவிடும். அது பெரும்பாலும் பழுது அல்ல. குழாய்மேல் வெதுவெதுப்பான நீர் ஊற்றி மறுபடி இயக்கினால் போதும்.

வீட்டுக்குள் காற்று வறள்வதும் இப்போதுதான். மைனஸ் 10 வெளிக்காற்று உள்ளே வந்து 21 டிகிரிக்குச் சூடானால் அதன் ஈரப்பதம் சுமார் 10 சதவீதமாகிவிடும். மூக்கில் ரத்தம் கசிவது, கதவுப் பிடியில் ஷாக் அடிப்பது எல்லாம் அதனால். 30, 35 சதவீதம் வரை ஏற்றலாம். சன்னலில் நீர் வழிந்தால் அதிகம் என்று பொருள்.

காப்புறை இல்லாத குழாய்களுக்கு வெளி வெப்பநிலை மைனஸ் 7க்குக் கீழே போனால் ஆபத்து தொடங்குகிறது. வெளிச்சுவரை ஒட்டிய சமையல் தொட்டியின் கீழ்க் கதவுகளைத் திறந்து வைத்தால் அறைச்சூடு உள்ளே போகும். கடைசிக் குழாயை நூல் போல ஒழுக விடுங்கள். ஓடும் நீர் உறையாது என்பது இதன் முழுக் காரணம் அல்ல. உறைந்த அடைப்புக்கும் மூடிய குழாய்க்கும் நடுவே மாட்டிய நீரின் அழுத்தம்தான் குழாயை வெடிக்கச் செய்கிறது, ஒழுகும் வாய் அந்த அழுத்தத்தை விடுவித்துவிடும். அதனால் காலையில் குழாயில் நீர் வராவிட்டாலும் வாயை மூடாதீர்கள். ஹேர் டிரையரால் குழாய் வாயிலிருந்து தொடங்கி அடைப்பு நோக்கி நகருங்கள், தீச்சுவாலை கூடவே கூடாது. குழாய் பிளந்திருந்தால் அது உறைந்திருக்கும்வரை தெரியாது, உருகியதும் பீய்ச்சும். ஆகவே டிரையரைக் கையில் எடுக்கும் முன் வீட்டின் பிரதான வால்வு எங்கே என்று பார்த்து, அதை மூடத் தயாராக வேறொருவர் அங்கே போய் நிற்க வேண்டும். பல வருடம் தொடாத வால்வு இறுகிப்போயிருக்கும். இலையுதிர் காலத்திலேயே ஒருமுறை முழுதும் மூடித் திறந்து பார்த்திருந்தால் அன்று கைக்கு வளையும்.